மெட்டீரியல் சயின்ஸ் படித்தவருக்கு எங்கே வேலை, எவ்வளவு சம்பளம்?

பொறியியல் கலந்தாய்வு நேரம் வந்தால் தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் எழுகிறது. விருப்பப் பட்டியலில் மெட்டலர்ஜி, மெட்டீரியல் சயின்ஸ் என்று பாடப்பிரிவுகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பிரிவுகளைவிடக் குறைந்த கட் ஆஃபில் இடம் கிடைக்கிறது. எடுத்தால் வேலை உண்டா?

ஓசூர் பக்கம் அலைபேசி உடற்பாகம், பேட்டரி செல், மின்சார ஸ்கூட்டர் என்று ஆலைகள் வந்துகொண்டே இருப்பதாகச் செய்திகளில் படிக்கிறோம். வேலைவாய்ப்புத் தளத்தில் ‘மெட்டீரியல் சயின்டிஸ்ட், ஓசூர்’ என்று தேடினாலோ கைக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. இரண்டு பக்கமும் உண்மைதான். வேலை இருக்கிறது, ஆனால் அந்தப் பெயரில் இல்லை. சம்பளக் குழப்பமும் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் அடிப்படையிலிருந்தே வருவோம்.

## படிப்பு எதைப் பற்றியது?

தமிழில் பொருளறிவியல் என்று எழுதினால் பலர் அதைப் பொருளியல், அதாவது எகனாமிக்ஸ், என்று படித்துவிடுகிறார்கள். அதனால் இங்கே மெட்டீரியல் சயின்ஸ் என்றே சொல்கிறேன்.

ஒரு பொருளின் உள்ளமைப்பு எப்படி இருக்கிறது, அதனால் அதற்கு என்ன குணம் வருகிறது, எப்படிச் செய்தால் அந்த உள்ளமைப்பு கிடைக்கும்: இந்த மூன்றையும் இணைத்துப் பார்ப்பதுதான் இந்தத் துறை. கொல்லுப்பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய அரிவாளின் வாயைத் தண்ணீரில் முக்கி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே இரும்பை மெல்ல ஆறவிட்டால் வளையும், சட்டென்று குளிர்வித்தால் கடினமாகும். கலவை மாறவில்லை, உள்ளே அணுக்கள் அடுக்கிக்கொண்ட விதம் மாறியது.

உலோகத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது மெட்டலர்ஜி, அதாவது உலோகவியல். அதோடு பீங்கான் வகைகள், பிளாஸ்டிக், நார்க்கலவைகள், குறைக்கடத்திகள் எல்லாவற்றையும் சேர்த்தால் மெட்டீரியல் சயின்ஸ். வேலைச் சந்தையில் இரண்டும் ஒரே வாசலில்தான் போய் நிற்கின்றன.

## ஒரு கியர் பல்லுக்குள்

ஓசூரைச் சுற்றியுள்ள வாகன உதிரிபாக உலகத்தில் தினமும் நடக்கும் வேலை ஒன்றைப் பார்த்தால் இந்தப் படிப்புக்கு ஏன் விலை உண்டு என்று புரியும்.

கியர் செய்யப் பரவலாகப் பயன்படும் எஃகு வகைகளில் கார்பன் சுமார் 0.2 விழுக்காடுதான் இருக்கும். அப்படியே விட்டால் பல் சீக்கிரம் தேயும். கார்பன் கூடிய எஃகில் முழுக் கியரையும் செய்தால் அடி விழும்போது பல் உடையும். மேல்தோல் கடினமாகவும் உள்ளே அடி தாங்குவதாகவும் இருக்க வேண்டும். அதற்காக கியரை 920, 930 டிகிரி செல்சியஸ் உலையில், கார்பன் செறிந்த வாயுவுக்குள் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். மேல்தோலில் மட்டும் கார்பன் 0.8 விழுக்காடு அளவுக்கு ஏறுகிறது. அப்புறம் எண்ணெயில் முக்கி, 150 முதல் 200 டிகிரியில் மறுபடி சூடாக்கி எடுக்கிறார்கள். இதற்கு கார்பரைசிங் என்று பெயர். மேற்பரப்பின் கடினம் ராக்வெல் சி அளவுகோலில் 58 முதல் 62 வரை வர வேண்டும் என்பது வழக்கமான வரையறை.

வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஒரே தடவையில் ஒன்றாகப் பதப்படுத்திய தொகுதியை லாட் என்பார்கள். அந்த லாட்டிலிருந்து ஒரு கியரை எடுத்துப் பல்லை வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டை பேக்கலைட் பொடியில் பதித்து வில்லையாக்கி, எமரித் தாளில் படிப்படியாகத் தேய்த்து, வைரப் பசையில் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுகிறார்கள். நைட்டல் என்ற, ஆல்கஹாலில் சில விழுக்காடு நைட்ரிக் அமிலம் கலந்த திரவத்தில் சில நொடி நனைத்ததும் பளபளப்பு மங்கி உள்ளமைப்பு எழும்பி வருகிறது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பல்லின் ஓரத்தில் மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பு ஊசி ஊசியாகத் தெரியும். ஊசிகளுக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள் மிகுந்திருந்தால் உலைச் சூட்டில் இருந்த ஆஸ்டெனைட் என்ற மென்மையான அமைப்பு உருமாறாமல் தங்கிவிட்டது என்று பொருள். கடினம் குறையும், ஓடும்போது அளவும் மாறக்கூடும்.

இந்த லாட் போகலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா? இதைச் சொல்பவர்தான் நாம் தேடிய மெட்டீரியல் சயின்டிஸ்ட். அவருடைய அடையாள அட்டையில் ‘குவாலிட்டி இன்ஜினியர்’ என்று இருக்கும்.

இந்த ஆளை வைத்திருப்பது முதலாளியின் விருப்பத்தைப் பொறுத்தது மட்டுமல்ல. வாகன உலகில் வெப்பப் பதப்படுத்தலுக்கு சி.க்யூ.ஐ-9 என்ற தணிக்கை முறை இருக்கிறது. தகுதியுள்ள ஹீட் ட்ரீட்மென்ட் ஆள் ஆலைக்குள் இருக்கிறாரா என்பது அதன் தொடக்கக் கேள்விகளில் ஒன்று. உலோகவியல் படிப்பும் அனுபவமும் சேர்த்தோ, அனுபவம் மட்டுமோ, குறைந்தது ஐந்து ஆண்டு அவருக்கு இருக்க வேண்டும். பெரிய வாகன நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பும் ஆலைக்கு இந்தத் தணிக்கை வந்தால் அப்படி ஒருவரைக் காட்டியே ஆக வேண்டும். படித்தவருக்கு இது நல்ல பிடிமானம்.

## வேலை ஒளிந்திருக்கும் பெயர்கள்

விளம்பரத்தில் தேட வேண்டிய சொற்கள் இவை:

1. மெட்டலர்ஜிஸ்ட், ஹீட் ட்ரீட்மென்ட் இன்ஜினியர், பிராசஸ் இன்ஜினியர். ஃபவுண்டரி (வார்ப்பு), ஃபோர்ஜிங் (சூட்டில் அடித்து வடித்தல்), வெப்பப் பதப்படுத்தல் ஆலைகளில்.

2. சர்ஃபேஸ் ட்ரீட்மென்ட், கோட்டிங், அனோடைசிங். அலுமினிய அலைபேசி உடலின் நிறம் பெயின்ட் அல்ல. அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்த்து, அதன் நுண்துளைகளில் சாயம் ஏற்றி மூடுகிறார்கள். தொட்டியின் வெப்பம் கொஞ்சம் தவறினாலும் ஒரு தட்டுக்கும் இன்னொரு தட்டுக்கும் நிறம் பேதப்படும். ஓசூர் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் அலைபேசி உடற்பாக ஆலை வந்த பிறகு இந்த அறிவுக்கு நம் மாவட்டத்திலேயே மதிப்பு வந்திருக்கிறது.

3. சப்ளையர் குவாலிட்டி இன்ஜினியர். பெரிய நிறுவனத்தின் சார்பில் சிறிய ஆலைகளுக்குப் போய்ச் சோதிப்பவர். பயணம் அதிகம். சின்ன ஆலையிலிருந்து பெரிய நிறுவனத்துக்குத் தாவ நல்ல பாலம்.

4. என்.டி.டி. இன்ஜினியர். பொருளை உடைக்காமல் அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே கொண்டு உள்விரிசல் பார்ப்பது. லெவல் 1, 2, 3 என்று சான்றிதழ்ப் படிகள் உண்டு. டிப்ளமோ படித்தவரும் ஏறக்கூடிய ஏணி இது.

5. ஃபெயிலியர் அனாலிசிஸ். உடைந்த பாகத்தை வைத்து ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பது. புதியவருக்கு எடுத்த எடுப்பில் தரமாட்டார்கள். அனுபவம் ஏறினால் ஆலை மாறும்போதெல்லாம் பேரம் பேசும் பலம் தருவது இந்தத் திறமைதான்.

இந்தப் பட்டியலில் அடங்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு மாவட்டங்களிலும் கிரானைட் தொழில் இருக்கிறது. கல்லை அறுக்கும் ரம்பத்தில் வைரத் துணுக்குகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வைரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கோபால்ட் போன்ற உலோகப் பொடியைச் சூட்டில் அழுத்தி இறுக்கிய பகுதி. அது மிகக் கெட்டியாக இருந்தால் மழுங்கிய வைரம் உதிராது, அடியிலிருக்கும் புது வைரம் வெளியே வராது, ரம்பம் கல்மேல் வழுக்கும். மிக மென்மையாக இருந்தால் நல்ல வைரமும் சேர்ந்து உதிரும், செலவு எகிறும். அறுக்கும் கல்லுக்கு ஏற்றபடி அந்த உலோகக் கலவை தேய வேண்டும். கல்லை நம்மூரில் வெட்டி எடுக்கிறோம், கருவியை வெளியிலிருந்து வாங்குகிறோம். இந்த மண்ணில் பிறந்த மெட்டீரியல் மாணவர்கள் இதைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

## சம்பளம்: எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள்?

அரசுச் சம்பளம் ஆணையில் அச்சாகி இருக்கும். தனியார் சம்பளம் பேசி முடிவாவது. அதனால் தெரிந்த எண்களிலிருந்து தொடங்குவோம்.

1. மத்திய அரசு ஆய்வு நிறுவனங்கள். டி.ஆர்.டி.ஓ., இஸ்ரோ, அணுசக்தித் துறை ஆகியவற்றில் பொறியியல் பட்டத்தோடு சேரும் தொடக்க நிலை விஞ்ஞானிக்கு ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 10, அடிப்படை ரூ.56,100. 2025 ஜூலைக் கணக்கில் அகவிலைப்படி 58 விழுக்காடு, அதாவது ரூ.32,538. பெங்களூரு, சென்னை போன்ற பெருநகரமென்றால் வீட்டு வாடகைப்படி 30 விழுக்காடு, ரூ.16,830. மூன்றும் சேர்ந்து ரூ.1,05,468. பயணப்படி தனி. பிடித்தம் இதிலிருந்து போகும். எட்டாவது ஊதியக் குழுவின் பரிந்துரை நடைமுறைக்கு வந்தால் எண்கள் மாறும்.

2. பொதுத்துறை நிறுவனங்கள். சேலம் உருக்காலையை நடத்தும் செயில், திருச்சியில் ஆலை வைத்திருக்கும் பெல் ஆகியவற்றில் பயிற்சிக் காலத்தில் அடிப்படை ரூ.50,000. பயிற்சி முடிந்ததும் ரூ.60,000 முதல் 1,80,000 வரையிலான ஊதிய வரிசை. உலோகவியல் படித்தவர்களுக்கென்றே இடம் ஒதுக்கி ஆள் எடுக்கும் நிறுவனங்கள் இவை. ஆனால் ஆண்டுதோறும் அறிவிப்பு வரும் என்று நம்பிக் காத்திருக்க முடியாது.

3. தனியார் ஆலைகள். இங்கே ஒரே படிப்புக்குப் பல விலை. பெரிய நிறுவனம் கல்லூரி வளாகத்துக்கு வந்து எடுக்கும் சம்பளமும், இரண்டாம் மூன்றாம் அடுக்கு உதிரிபாக ஆலை கொடுக்கும் சம்பளமும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. தொடக்கத்தில் சின்ன ஆலையில் மெட்டலர்ஜி படித்தவருக்கும் மெக்கானிக்கல் படித்தவருக்கும் ஒரே சம்பளம்தான் தருவார்கள். வித்தியாசம் நான்கைந்து ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

## சி.டி.சி.யும் கைக்கு வருவதும்

முதல் வேலையில் நிறையப் பேர் ஏமாற்றமடைவது இங்கேதான், அதனால் ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். ஆஃபர் லெட்டரில் சி.டி.சி. ஆண்டுக்கு 4.8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா அதை 12-ஆல் வகுத்து மாதம் 40 ஆயிரம் என்று உறவுக்காரர்களிடம் சொல்லிவிடுவார்.

சி.டி.சி. என்பது உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் 10 விழுக்காடு வேரியபிள், அதாவது இலக்கை எட்டினால் ஆண்டு முடிவில் தருவது என்றால், மாதத்துக்கு ரூ.4,000 போகும். அடிப்படைச் சம்பளம் ரூ.20,000 என்றால் நிறுவனம் உங்கள் பேரில் கட்டும் பி.எஃப். 12 விழுக்காடு, ரூ.2,400. அதுவும் சி.டி.சி.க்குள்தான். கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 4.81 விழுக்காடு, ரூ.962. அப்புறம் உங்கள் பங்கு பி.எஃப். இன்னொரு ரூ.2,400. மீதி ரூ.30,238. கேன்டீன், பஸ், மருத்துவக் காப்பீடு பிடித்தால் 30 ஆயிரத்துக்குக் கீழே வந்துவிடும்.

பி.எஃப். உங்கள் சேமிப்புதான், எங்கும் போகாது. ஆனால் ஓசூரில் அறை வாடகை கொடுத்து, கல்விக் கடன் தவணையும் கட்ட வேண்டியவர் இந்த 30 ஆயிரத்தை வைத்தே திட்டம் போட வேண்டும். இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது சி.டி.சி.யை விட்டுவிட்டு, மாதம் உறுதியாகக் கைக்கு வரும் தொகையைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

## ஆராய்ச்சி வழி

‘சயின்டிஸ்ட்’ என்ற பெயரே வேண்டுமென்றால் பெரும்பாலும் முனைவர் பட்டம் தேவை. அதன் கணக்கு வேறு மாதிரி.

பொறியியல் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான கேட் வழியாக எம்.டெக் சேர்ந்தால் மாதம் ரூ.12,400 உதவித்தொகை. முனைவர் ஆய்வில் முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000. ஐந்து ஆண்டில் மொத்தம் 24 லட்சம், தகுதியைப் பொறுத்து வாடகைப்படி தனி. பிரதமர் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் ரூ.70,000-இல் தொடங்கி ரூ.80,000 வரை போகும். ஐந்து ஆண்டுக்கு 45 லட்சம். போட்டி மிகக் கடுமை. 2025 மத்திய பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுகளில் 10,000 பேருக்கு இந்த உதவித்தொகை என்று அறிவித்தார்கள்.

எண்கள் மோசமில்லை. பாரம் காலத்தில் இருக்கிறது. 22 வயதில் பி.இ. முடித்தவர் எம்.டெக், முனைவர் பட்டம் என்று போனால் வெளியே வரும்போது 29 ஆகும். அதற்குப் பிறகும் நிரந்தர வேலை வரை ரிசர்ச் அசோசியேட் என்று ஓரிரு ஆண்டுகள், மாதம் ரூ.58,000-இலிருந்து. உதவித்தொகை மாதக்கணக்கில் தள்ளிப்போவது ஆய்வு மாணவர்கள் பலர் சொல்லும் குறை. வீட்டில் தங்கை திருமணமோ, கிணறு வெட்டிய கடனோ இருக்கும் பிள்ளைக்கு அந்தத் தாமதம் எப்படி வலிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கையிலிருந்து காசு போட்டு, உதவித்தொகை இல்லாமல் முனைவர் பட்டம் செய்யாதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். இந்திய அறிவியல் கழகத்தின் மெட்டீரியல்ஸ் துறை, சி.என்.ஆர். ராவ் 1989-இல் நிறுவிய ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையம், விமானங்களுக்கான நார்க்கலவைகளில் வேலை செய்யும் தேசிய விண்வெளி ஆய்வகம், பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. பேட்டரி, அரிமானம் (துருப்பிடித்தல் போன்றவை) பக்கம் ஆர்வமென்றால் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது.

பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் பல்கலைக்கழகங்களில் படிக வளர்ப்பு, மென்படலம் என்று மெட்டீரியல் ஆய்வு நிறையவே நடக்கிறது. ஆனால் ஆலை விளம்பரங்கள் பெரும்பாலும் பி.இ. அல்லது டிப்ளமோ என்றே கேட்கின்றன. ஆலைப் பக்கம் போக விரும்புபவர்கள் கேட் எழுதி எம்.டெக் வழியாகத் திரும்பலாம். சில ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கும் மெட்டீரியல் எம்.டெக்கில் இடம் உண்டு.

## அடுத்து எது வளரும், எது சுருங்கும்?

மின்சார ஸ்கூட்டரில் பல்சக்கரப் பெட்டி கிட்டத்தட்ட இல்லை. எனவே இரு சக்கர வாகன எஞ்சின் கியரை மட்டும் பதப்படுத்தி வாழும் சின்ன ஆலைகளுக்கு நெருக்கடி வரும். லாரி, டிராக்டர் பக்கம் அவ்வளவு வேகமாக மாறாது. வேலைக்குச் சேரும் முன் அந்த ஆலையின் சரக்கு எந்த வண்டிக்குப் போகிறது என்று கேட்பது நல்லது.

வளரும் பக்கம் பேட்டரி செல். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலா எலெக்ட்ரிக் செல் ஆலை அமைத்து 4680 வகை செல் செய்கிறது. 46 மில்லிமீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் உயரம் என்பதே அந்த எண். பேட்டரி செல்லுக்கு வழக்கமாக உலோகத் தகட்டின்மேல் கூழைச் சீராகப் பூசி உலர்த்தி அழுத்த வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் கெட்டுவிடும் என்பதால் ட்ரை ரூம் என்ற வறண்ட அறைக்குள் வேலை. நூறு செல் செய்தால் எத்தனை தேறுகிறது என்பதில்தான் லாபமும் நட்டமும். அந்தத் தேறும் எண்ணிக்கையை உயர்த்தத் தெரிந்தவருக்கு நல்ல சம்பளம் கிடைக்கும். அதேசமயம் புதுத் தொழிலில் ஏற்ற இறக்கமும் அதிகம்.

இன்னொன்று காந்தம். மின் மோட்டாருக்கு நியோடிமியம் என்ற அரிய மண் தனிமம் சேர்ந்த காந்தம் வேண்டும். 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் தனிமங்கள் சிலவற்றுக்கும் அவற்றாலான காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும் இந்திய வாகன நிறுவனங்கள் திணறின. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசு உள்நாட்டிலேயே இந்தக் காந்தம் செய்ய ரூ.7,280 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பொடியாக்கி, காந்தப்புலத்தில் அடுக்கி, சூட்டில் இறுக்குகிற இந்தச் செய்முறை முழுக்க முழுக்க மெட்டீரியல் படித்தவரின் வேலை.

## வெளிநாடு

அமெரிக்காவில் மெட்டீரியல் சயின்டிஸ்டின் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்குச் சற்று மேல். அந்தப் பெயரில் அங்கே பதிவாகியிருப்பவர்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. பாதுகாப்பு, விண்வெளி சார்ந்த வேலைகள் பலவற்றில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் வெளிநாட்டவரை எடுக்கத் தயங்குவார்கள். ஜெர்மனியில் முனைவர் ஆய்வு செய்பவர் பெரும்பாலும் ஒப்பந்தச் சம்பளம் பெறும் ஊழியர். நம் மாணவர்கள் அந்தப் பக்கத்தையும் பார்க்கலாம்.

## இங்கிருந்து போகும் பிள்ளைக்கு

அருகிலேயே சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் உலோகவியல் பி.இ. இருக்கிறது. கோவை பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி.யிலும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மாநிலக் கலந்தாய்வில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது, கட்டணத்தை அரசே ஏற்கிறது. டிப்ளமோ முடித்தவர் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பர்கூரிலோ தருமபுரியிலோ அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பவருக்கும் கதவு மூடவில்லை. கேட் தேர்வில் உலோகவியல் தாளையோ, மெட்டீரியல் சயின்ஸ் பிரிவு உள்ள பொறியியல் அறிவியல் தாளையோ எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கையில் பணமில்லாத வீடென்றால் பட்டம் முடித்ததும் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து, அந்த மூன்று ஆண்டுக்குள் எம்.டெக்கா, பொதுத்துறையா என்று முடிவெடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நேர்முகத்தின் முடிவில், கேட்க ஏதாவது இருக்கிறதா என்பார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். மைக்ராஸ்கோப் ஆலைக்குள்ளேயே இருக்கிறதா, இல்லை சாம்பிளை வெளி லேபுக்கு அனுப்புகிறீர்களா? லாட்டை நிறுத்திவைக்கும் கையெழுத்து யாருடையது? லேப் உள்ளே இருந்து, கையெழுத்தும் அங்கே உட்கார்ந்திருக்கும் இன்ஜினியருடையது என்றால், முதல் சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் அங்கே சேருங்கள்.